நாங்களா, நாமா?

கோவை வட்டாரத்தில் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அங்கே வேலை செய்யும் நம் தோழர்களுக்குத்தான் தொல்லை.

அந்த ஆலையில் இரவு ஷிப்டுக்குத் தனிப்படி கேட்டு நம் சங்கம் வாயிற்கூட்டம் போட்டது. துண்டுப் பிரசுரம் அச்சடித்து விநியோகித்தோம். மாலையில் ஷிப்டு மாறும் நேரமாகப் பார்த்து நாள் குறித்தோம். கொடி கட்டினோம். பேச்சாளர்கள் வந்தார்கள். உள்ளூர்த் தொழிலாளர்கள் திரண்டார்கள். ஆனால் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்யும் பீகார்த் தொழிலாளர்களில் ஒருவர்கூட வரவில்லை. ஆலையில் சரிபாதிப் பேர் அவர்கள்தான். பாதிப் பேர் வராத கூட்டத்தைக் கண்டு எந்த நிர்வாகம் பயப்படும்? மானேஜர் மனுவை வாங்கி மேஜைமேல் போட்டார். அது அங்கேயே கிடந்தது.

"பார்த்தாயா, இந்திக்காரன் புத்தியை! மூட்டை முடிச்சோடு வந்தவனுக்குச் சங்கம் ஒரு கேடா? கருங்காலிப் பயல்கள்!" என்று நம் தோழர்கள் சிலர் பொருமினார்கள். பொருமியதோடு நிற்கவில்லை. தண்ணீர்க் குழாயடியிலும் டீக்கடையிலும் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள்.

பத்து நாள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. நாம் கூட்டம் போட்ட மாலை, தீபாவளி கழிந்த ஆறாம் நாள் மாலை. பீகார் மக்களுக்கு அது சத் பூஜையின் முக்கியமான வேளை. நோன்பு நோற்பவர் சுமார் முப்பத்தாறு மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருப்பார். மூங்கில் முறத்தில் கரும்பும் தேங்காயும் வாழைப்பழமும், கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட பணியாரமும் எடுத்துக்கொண்டு போய், இடுப்பளவு நீரில் நின்று மேற்கே இறங்கும் சூரியனை வணங்குவார். மறுநாள் விடியலில் அதே நீரில் நின்று உதிக்கும் சூரியனை வணங்கி நோன்பை முடிப்பார். புரோகிதர் தேவையில்லை, கோயில் தேவையில்லை. ஒரு குளக்கரை போதும். பீகாரில் ஏழை பணக்காரன் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளிக் கிடக்கும் தொழிலாளிக்கு, தாயையும் மனைவியையும் நினைத்துக் கண்கலங்கும் நாள் அது.

நமக்கு இது தெரியாது. ஆனால் நிர்வாகத்துக்குத் தெரியும். குளக்கரைக்குப் போக மானேஜர் லாரி கொடுத்தார். ஆளுக்கொரு தேங்காயும் கொடுத்தார். கூடவே மேஸ்திரியை விட்டு ஒரு சொல்லும் சொல்ல வைத்தார்: "உங்கள் பண்டிகையைக் கெடுக்கத்தான் சங்கத்துக்காரர்கள் வேண்டுமென்றே இந்த நாளைக் குறித்திருக்கிறார்கள்!"

அரை நாள் லாரி வாடகையும் சில மூட்டைத் தேங்காயும் முதலாளிக்குச் செலவு. மிச்சமோ அத்தனை பேருடைய இரவுப்படி. கணக்கு யாருக்கு லாபம்?

தோழர்களே! இதில் குற்றம் பீகார்த் தொழிலாளியுடையதல்ல. மேஸ்திரியுடையது மட்டுமென்று சொல்லித் தப்பித்துக் கொள்ளவும் முடியாது. நம்முடையது. பக்கத்து மிஷினில் நின்று எட்டு மணி நேரம் ஒரே பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிறவனுக்கு எது நல்ல நாள், எது கெட்ட நாள், எதைச் சொன்னால் சிரிப்பான், எதைச் சொன்னால் புண்படுவான் என்று ஒரு வருஷமாகியும் நாம் கேட்டுத் தெரிந்து கொள்ளவில்லை. அந்த அறியாமைக்கு நாம் கொடுத்த விலைதான் அந்த மனு.

யார் இந்த 'இந்திக்காரன்'?

வடக்கேயிருந்து வந்தவர்களையெல்லாம் 'இந்திக்காரன்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். இப்போது 'வடக்கன்' என்ற சொல்லும் பரவியிருக்கிறது. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வேறு.

பீகாரிலிருந்து வருகிறவரின் வீட்டுப் பாஷை போஜ்புரியாக இருக்கும், மைதிலியாக இருக்கும், மகஹியாக இருக்கும். இந்தி அவருக்குப் பள்ளிக்கூடத்துப் பாஷை, கச்சேரிப் பாஷை. மைதிலி மொழி அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெறவே 2003-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போஜ்புரி மக்களுக்கு அந்த இடம் அந்தத் திருத்தத்திலும் கிடைக்கவில்லை. 1965-ல் தாய்மொழிக்காகத் தெருவில் இறங்கிய தமிழ்நாட்டுக்கு இந்த வேதனை புரியாதா? இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு. இந்தியின் பெயரால் தன் தாய்மொழி ஓரங்கட்டப்பட்ட ஏழையை 'இந்திக்காரன்' என்று ஏசுவது வேறு. முன்னது நியாயம். பின்னது அந்த நியாயத்துக்கே துரோகம்.

ஜார்கண்டிலிருந்து வரும் சந்தால் தொழிலாளியின் மொழி சந்தாலி. அதற்கென்று தனி எழுத்தை 1925-ல் ரகுநாத் முர்மு உருவாக்கினார். 1855-ல் சித்து, கானு என்ற சகோதரர்களின் தலைமையில் வட்டிக்கடைக்காரனையும் ஜமீன்தாரையும் கம்பெனி ஆட்சியையும் எதிர்த்து வில்லம்போடு எழுந்த மக்கள் அவர்கள். 1857-க்கு இரண்டு வருஷம் முந்தியே எழுந்தவர்கள். நம் ஆலையில் தலைகுனிந்து பாபின் பொறுக்கும் இளைஞனின் பாட்டன் பூட்டன் அந்தப் படையில் நின்றிருக்கலாம். "காட்டான்" என்று அவனை அழைக்கும் மேஸ்திரிக்கு இது தெரியாது. நமக்காவது தெரிய வேண்டாமா?

இன்னொன்று கேளுங்கள். அதே ஜார்கண்டில் ஒராவன் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் குருக் மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் 'பல்' அவர்களுக்கும் 'பல்'தான். நம் 'கண்' அவர்கள் வாயில் தொண்டையோசையோடு 'கன்' என்று வரும். 'நீ' என்பதை 'நீன்' என்கிறார்கள். ஆக, 'இந்திக்காரன்' என்று நாம் ஒதுக்கிய கூட்டத்துக்குள், நம் மொழியின் தூரத்துத் தம்பி ஒருவன் பேசத் தயங்கி நிற்கிறான்.

பழைய சோறும் கடுகெண்ணெயும்

பாஷை தெரியாததால் வரும் சண்டை பாதி, பாஷை தெரிந்ததாக நினைத்துக் கொள்வதால் வரும் சண்டை பாதி.

ஒரு பனியன் கம்பெனியில் ஐம்பது வயதுக் கட்டிங் மாஸ்டரை ஓர் இருபது வயதுப் பையன் "பையா" என்று கூப்பிட்டுவிட்டான். "என்னையா பையன் என்கிறாய்?" என்று அவர் கத்திரியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். அந்தப் பையன் சொன்னது 'அண்ணா' என்று. அவர்கள் பாஷையில் 'பையா' என்றால் அண்ணன். மரியாதைக்குச் சொன்ன சொல் கைகலப்பில் முடியப் பார்த்தது. இன்னோரிடத்தில் நம் ஆள் ஆசையாக "மச்சான்" என்றான். அர்த்தம் கேட்டவனுக்கு, அரைகுறை இந்தி தெரிந்த ஒருவன் 'சாலா' என்று பெயர்த்துச் சொன்னான். உறவு என்னவோ அதுதான். ஆனால் நம்மிடம் அது கொஞ்சல், வடக்கே தெருச் சண்டையில் அது வசவு. ஒரு சொல் எல்லை தாண்டும்போது அதன் முகம் மாறிவிடுகிறது. அதனால்தான் கோபப்படுவதற்கு முன் "என்ன சொன்னாய், தம்பி?" என்று ஒரு தடவை கேட்கவேண்டும்.

சாப்பாட்டு விஷயமும் அப்படியே. "கடுகெண்ணெய் நாற்றம் தாங்கவில்லை" என்று வீடு கொடுக்க மறுக்கிறார்கள். கருவாட்டுக் குழம்பின் வாசனைக்காக நமக்கு வீடு மறுக்கப்பட்ட பட்டணங்கள் இல்லையா? ஒரியா விவசாயி இரவுச் சோற்றில் நீரூற்றி வைத்து, காலையில் உப்பும் பச்சைமிளகாயும் வெங்காயமும் கடித்துக் கொண்டு சாப்பிடுகிறான். அவன் அதைப் பகாலா என்கிறான். வங்காளி பாந்தா பாத் என்கிறான். நாம் பழைய சோறு என்கிறோம். வெயிலில் முதுகு காய உழைக்கிறவன் எந்தச் சீமையில் இருந்தாலும் ஒரே வைத்தியத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறான். பீகார்க்காரன் வறுத்த கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து உப்பும் வெங்காயமும் போட்டுக் குடிக்கும் சத்தும் நம் கம்பங்கூழின் வேலையைத்தான் செய்கிறது. மூன்று வேளையும் புளிச் சாம்பாரை ஊற்றும் விடுதி மெஸ்ஸை எதிர்த்து அவன் முணுமுணுத்தால், "திமிர்" என்று சொல்லாதீர்கள். பஞ்சாபுக்குப் போய் மூன்று மாதம் சோறே கிடைக்காமல் ரொட்டி தின்றுவிட்டு வந்த நம் லாரி டிரைவரைக் கேளுங்கள், அவர் சொல்வார்.

"ஒரே அறையில் பத்துப்பேர் அடைந்து கிடக்கிறார்கள், அவர்கள் பழக்கமே அப்படி" என்பார்கள் சிலர். அது பழக்கமல்ல, தோழர்களே, வாடகை! பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான். பாய் ஆறுவதே இல்லை. முதலாளியின் கஞ்சத்தனத்தைத் தொழிலாளியின் கலாசாரம் என்று எழுதி வைப்பது பெரிய மோசடி. எது அவர்கள் வழக்கம், எது அவர்கள் மீது சுமத்தப்பட்ட வறுமை என்று பிரித்தறிவதுதான் அறிவின் முதல் வேலை.

நாமும் வெளியாளாக இருந்தவர்கள்தான்

இந்த நாட்டில் வெளியாளாக இருப்பதன் கசப்பைத் தமிழ் உழைப்பாளியைப் போல் ருசித்தவர்கள் குறைவு. கங்காணி பின்னால் நடந்து போய்க் கண்டிச் சீமையின் காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் பயிராக்கியவன் தமிழன். மலேயாவில் ரப்பர் பால் எடுத்தவனும் அவனே. இலங்கையில் 1948-ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாய் அந்த மண்ணில் உழைத்த தோட்டத் தொழிலாளர் லட்சக்கணக்கானோரை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. அங்கே அவர்களுக்கு 'கள்ளத்தோணி' என்று பெயர்; சக தமிழர் சிலரே 'தோட்டக்காட்டான்' என்றார்கள். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் ஆடுமாடுகளைப் போலப் பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டார்கள். அப்படித் திரும்பி வந்து நீலகிரியில் குடியேறியவர்களைச் சொந்தத் தமிழ்நாடு என்ன பெயரிட்டு அழைத்தது? 'சிலோன்காரன்'! அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். ஏழைக்கு எந்த ஊரும் ஊர் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பம்பாயில் 1966-ல் சிவசேனை தோன்றியபோது அதன் முதல் குறி யார்? 'மதராசி' என்று அழைக்கப்பட்ட தென்னாட்டு மக்கள். மராட்டிய இளைஞனின் வேலையை இவர்கள் பறித்து விட்டார்கள் என்பதுதான் அன்றைய கூச்சல். பெங்களூரில் 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்னையைச் சாக்காக வைத்துத் தமிழர் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆயிரக்கணக்கான கூலிக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி ஓடிவந்தார்கள். காவிரித் தண்ணீரை அந்தக் கட்டிட வேலைக்காரனா பங்கு போட்டான்?

அன்று நம்மைப் பற்றிச் சொன்ன அதே வாசகங்கள்தான், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, இன்று பீகாரியைப் பற்றி நம் ஊர் டீக்கடையில் பேசப்படுகின்றன. நேற்று அடிபட்டவன் இன்று அதே பிரம்பைக் கையில் எடுக்கலாமா?

கூலியைக் குறைத்தது யார்?

"எல்லாம் சரி. ஆனால் அவன் வந்ததால்தானே என் கூலி குறைந்தது?" என்று நேர்மையாகக் கேட்கும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். டெல்டாவில் நடவுக்குப் போகும் தாய்மார்களும் கேட்கிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்து நடவுக் கோஷ்டிகள் வந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொண்டு நட்டுவிட்டுப் போகின்றன. உள்ளூரில் நாற்று முடியைத் தொட்டுப் பிழைத்தவர்கள் கரையில் நிற்கிறார்கள். இது கற்பனையல்ல. வயிற்றில் அடிபட்டவரிடம் போய் "சகோதரத்துவம்" என்று வெறும் உபதேசம் செய்வது அவரை அவமதிப்பதாகும்.

ஆனால் கேள்வியை முழுதாகக் கேட்போம். குறைந்த கூலிக்கு வா என்று கூப்பிட்டது யார்? ஏஜெண்டுக்கு ரயில் கட்டணமும் முன்பணமும் கொடுத்து அனுப்பியது யார்? வந்தவன் கூலியில் கமிஷன் பிடிப்பது யார்? ஊரில் நிலமில்லை, கடன் இருக்கிறது, இங்கே பாஷை தெரியாது, ரேஷன் கடை தெரியாது, அடையாள அட்டை மேஸ்திரி பெட்டியில் இருக்கிறது. அவன் குறைந்த கூலிக்கு விரும்பி வரவில்லை. கேட்க வாய் இல்லாமல் வாங்கிக் கொள்கிறான். அந்த வாயைக் கொடுக்க வேண்டியது யார்? சங்கம்.

1960-களில் கீழத்தஞ்சையில் நடந்தது நமக்கு மறந்து விடவில்லை. கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட விவசாயத் தொழிலாளிகளை ஒடுக்க, மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்யப் பார்த்தார்கள். அந்தத் தகராறுதான் முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்து எரிப்பதில் போய் முடிந்தது. அன்று இறக்கப்பட்ட 'வெளியாட்கள்' யார்? பீகாரிகளா? இல்லை, பச்சைத் தமிழர்கள். ஆக, வெளியாள் என்பது பாஷைப் பிரச்னையல்ல. பட்டினியைப் பட்டினியின் மேல் ஏவிவிடும் பழைய தந்திரம் அது.

1870-ல் மார்க்ஸ் அமெரிக்காவிலுள்ள தம் நண்பர்களுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இதையே விளக்கினார். இங்கிலாந்தின் ஆலைகளில் ஆங்கிலேயத் தொழிலாளியும் அயர்லாந்துத் தொழிலாளியும் இரண்டு விரோத முகாம்களாக நின்றார்கள். தன் கூலியைக் குறைக்க வந்தவன் என்று அயர்லாந்துக்காரனை ஆங்கிலேயன் வெறுத்தான். தன் நாட்டை அடிமைப்படுத்தியவனின் கையாள் என்று ஆங்கிலேயனை அவன் வெறுத்தான். பத்திரிகையும் பாதிரிப் பிரசங்கமும் கேலிச் சித்திரமும் இந்தத் தீயை அணையாமல் ஊதின. அத்தனை ஸ்தாபன பலமிருந்தும் ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கம் கையாலாகாமல் கிடந்ததன் ரகசியமே இதுதான் என்றார் மார்க்ஸ்.

நம் சொந்த வீட்டிலும் இந்தப் பாடம் இருக்கிறது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் முதல் தலைவர் பி. பி. வாடியா. பம்பாய்ப் பார்சி, தமிழர் அல்ல. அவரும் திரு. வி. க.வும் தோளோடு தோள் நின்று பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகளைத் திரட்டினார்கள். பிறப்பும் மொழியும் அங்கே தடையாக நிற்கவில்லை. ஆனால் மூன்றே வருஷத்தில், 1921-ல், பக்கிங்ஹாம்–கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் எதில் உடைந்தது? தமிழ் பேசும் தொழிலாளிகளே, ஒரு பக்கம் ஜாதி இந்துக்களும் முஸ்லிம்களும், மறுபக்கம் ஆதி திராவிடர்களும் என்று பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. மாதக்கணக்கில் நீண்ட போராட்டம் தோற்றது. ஒரே மொழி பேசியும், ஒரே ஆலையில் வேலை செய்தும், சேரித் தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவன் பயம் என்ன, பாடு என்ன என்று கேட்காததன் பலன் அது. வேறு பாஷைக்காரனிடம் இணங்கத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்துத் தெருக்காரனிடம் இணங்கத் தெரியவில்லை. 'பிற பண்பாட்டை அறிவது' என்பது வடக்கத்தியானோடு மட்டும் முடிந்து போகிற விஷயமல்ல.

அறியாமையில்தான் வதந்தி முளைக்கும்

2023 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று கைபேசிகளில் படங்கள் பறந்தன. வேறெங்கோ நடந்த சம்பவங்களின் படங்களுக்குத் தமிழ்நாட்டின் பெயரை ஒட்டியிருந்தார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. தமிழ்நாட்டுப் போலீஸ் இந்தியிலேயே மறுப்பு வெளியிட்டது. எல்லாம் புரட்டு என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் ரயில் நிலையங்களில் மூட்டையோடு கூட்டம் சேர்ந்து விட்டது.

அந்த வதந்தியைக் கிளப்பியவர்களின் அரசியல் விஷமத்தைக் கண்டிப்போம். கண்டித்துவிட்டு, நம்மையே ஒரு கேள்வி கேட்போம். பல வருஷம் நம்மோடு வேலை செய்த தொழிலாளி, யாரோ அனுப்பிய படத்தை நம்பினான், பக்கத்து மிஷினில் நின்ற நம்மிடம் வந்து "இது உண்மையா, அண்ணா?" என்று கேட்கவில்லை. ஏன்? கேட்கும் அளவுக்கு நாம் பழகவில்லை. பழகிய இடங்களில் கேட்டார்கள், தங்கினார்கள்.

எல்லா வழக்கமும் வணக்கத்துக்குரியதா?

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. பிறர் பண்பாட்டை மதிப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அல்ல. பதினான்கு வயதுச் சிறுவனைக் கொண்டுவந்து பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, "அவர்கள் ஊர் வழக்கம்" என்று ஏஜெண்டு சொன்னால் அது பண்பாடல்ல, குற்றம். தாழ்ந்த ஜாதியான் தொட்ட தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று விடுதியில் ஒருவன் சொன்னால், அது வடக்கத்தி ஜாதித் திமிர் என்பதற்காக அதை மதிக்கமுடியாது. அதே சமயம், இரட்டைக் குவளையை இன்னும் முழுதாய் ஒழிக்காத நாம், "உங்கள் ஊரில்தான் இதெல்லாம்" என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசவும் முடியாது. அவர்கள் அழுக்கையும் நம் அழுக்கையும் ஒரே குளத்தில் சேர்ந்துதான் கழுவ வேண்டும்.

பழகுவது ஒருவழிப் பாதையுமல்ல. வந்தவர்களும் இந்த மண்ணின் மொழியைக் கற்கவேண்டும். இங்குள்ள சங்க உரிமைகள் எப்படி வந்தன, எத்தனை உயிர் கொடுத்து வந்தன என்று தெரிந்து கொள்ளவேண்டும். ஆனால் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர் யார்? வீட்டுக்காரர்தான் வாசலில் வந்து "வாருங்கள்" என்று சொல்லவேண்டும். நம் ஊர் வழக்கம் அதுதான்.

என்ன செய்யலாம்?

பெரிய பணமோ பெரிய படிப்போ தேவையில்லாத காரியங்களைச் சொல்கிறோம். ஒவ்வொரு ஆலைக் கமிட்டியும் தன் காலண்டரில் பொங்கல், மே தினத்தோடு சத் பூஜையையும் ரம்ஜானையும் அசாமியரின் பிகுவையும் குறித்து வைக்கட்டும். பிகு வருவதும் நம் சித்திரை முதல் நாளை ஒட்டித்தான். நோன்பு மாலையில் கூட்டம் போடாதீர்கள். அவர்கள் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி அழையுங்கள். 'டேய்' வேண்டாம், 'வடக்கன்' வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு தோழரும் அவர்கள் மொழியில் இருபது சொல் கற்று, தமிழில் இருபது சொல் கற்றுக் கொடுக்கட்டும்: கூலி, ஓவர்டைம், விபத்து, ஆஸ்பத்திரி, சங்கம். பெண் தொழிலாளிகளிடம் பெண் தோழர்கள் போய்ப் பேசட்டும்.

துண்டுப் பிரசுரம் அவர்கள் பாஷையிலும் வரட்டும். இது சலுகையல்ல. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 1979-ல் வந்த சட்டமே, காண்ட்ராக்டர் கொடுக்கும் கூலிப் புத்தகம் தொழிலாளியின் சொந்த மொழியிலும் இருக்கவேண்டும் என்றது. பிற்பாடு அந்தச் சட்டமே, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்து போயிற்று. முதலாளிகள் அந்த விதியை மதிக்கவில்லை என்று நாம் பேசினோம். சரிதான். ஆனால் நம் பிரசுரம் எந்த மொழியில் இருந்தது?

முதலில் சொன்ன ஆலைக்குத் திரும்புவோம். மறு வருஷம் நம் தோழர்கள் தீபாவளிக்கு முன்பே பஞ்சாயத்தில் பேசிக் குளக்கரைப் படிக்கட்டைச் சுத்தம் செய்தார்கள், விளக்குப் போட்டார்கள். நோன்பு மாலையில் பாதுகாப்புக்குக் கரையில் நின்றார்கள். பேச்சு இல்லை, கொடி இல்லை. விடியலில் நோன்பு முடித்தவர்கள் முறத்திலிருந்த பணியாரத்தை எடுத்து அவர்கள் கையில் வைத்தார்கள். பத்து நாள் கழித்து வாயிற்கூட்டம் போட்டோம். விடுதியிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். நாற்பதுதான். இரவுப்படி இன்னும் வந்துவிடவில்லை. ஆனால் மானேஜர் இந்தத் தடவை மனுவை மேஜைமேல் போடவில்லை, உட்கார்ந்து படித்தார்.

தமிழில் 'நாங்கள்' என்று ஒரு சொல் உண்டு; 'நாம்' என்று ஒரு சொல் உண்டு. எதிரில் நிற்பவரை வெளியே நிறுத்திச் சொல்வது 'நாங்கள்'. அவரையும் சேர்த்துக்கொண்டு சொல்வது 'நாம்'. இந்த வித்தியாசம் இந்திக்குக் கிடையாது, ஆங்கிலத்துக்கும் கிடையாது. ஆனால் மேலே சொன்ன அந்த ஒராவன் தொழிலாளியின் குருக் மொழியில் உண்டு. எதிராளியை விலக்கிச் சொல்ல 'ஏம்' என்பான். சேர்த்துச் சொல்ல அவனும் 'நாம்' என்றுதான் சொல்வான். ஆயிரம் மைல் தள்ளிப் பிறந்தவன் வாயிலும் அதே சொல்!

இத்தனை காலம் அவனிடம் 'நாங்கள்' என்று பேசினோம். இனி 'நாம்' என்று பேசுவோம். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளன்கூடத் தேவையில்லை.